மணலில் இறங்கிய மாமனார்

பெண் பார்க்க வந்த துறைமுக இன்ஜினியர் ஜெபசீலனின் கண்ணெதிரிலேயே, பெண்ணின் அப்பா மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

உப்பள முதலாளி சுந்தரராஜ் நல்ல கனத்த ஆள். தூத்துக்குடிக் கடலோரத்தில் வீடு, முற்றமெல்லாம் மணல். அவர் உட்கார்ந்த மர நாற்காலி ஒரு சாண் புதைந்துவிட்டது.

"தம்பி புது ஆர்பர்ல இன்ஜினியர்லா? இது புதையாம நிறுத்துங்க பாப்போம்" என்றார்.

அவர் மகள் தேவகனியைக் கோயில் பாடகர் குழுவில் பார்த்த நாளிலிருந்து ஜெபசீலனுக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த மனுஷர் முகம் சுளித்தால் சம்பந்தம் போச்சு.

அவரை எழுப்பிவிட்டு நாற்காலியைப் பிடுங்கிப் பார்த்தான். கால்களின் நுனி ஒல்லியாக இருந்தது. காலுக்கொரு காபி சாசரை அடியில் வைத்தான். சுந்தரராஜ் உட்கார்ந்ததும் நாலும் படபடவென்று நொறுங்கின.

"ஐயோ, எங்கம்மா வீட்டுல தந்த சாசருல்லா!" என்று அலறினாள் பெண்ணின் அம்மா அற்புதமணி.

அடுத்தது செங்கல். இரண்டு கல் இறங்கின, இரண்டு கல் நின்றன. வருங்கால மாமனார் சரிந்து ஜெபசீலன் மேலேயே விழுந்தார்.

"ஏலே, நாற்காலியே நிக்கலியே, நீ கட்டுத ஆர்பர் நிக்குமா?"

மாமனாரோடு மரியாதையும் இறங்கிவிட்டது. ஜெபசீலனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், கண்ணில் பட்ட அறைக்கதவைக் கீலோடு கழற்றினான். கதவுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தேவகனி அப்படியே வெளிப்பட்டாள்.

அற்புதமணி தலையில் கைவைத்தாள். தேவகனியோ ஓடி ஒளியாமல் கதவின் மறுமுனையைப் பிடித்தாள்.

"நாலு கல்லுக்குப் பதிலா ஒரே கதவா? அப்பா கனம் அதேதான?"

"மணல்ல அகலம் கூடக்கூட, ஒவ்வொரு சதுர அடியும் தாங்குத பாரமும் கூடும்."

"அது எப்படிக் கூடும்?" அவள் நிஜமாகவே கேட்டாள். அவனுக்குப் பயம் மறந்தே போனது.

"சின்னக் கல்லுன்னா அடியில உள்ள மணல் லேசாப் பக்கத்துல பிதுங்கிரும். அகலமான கதவுன்னா ரொம்ப ஆழத்து மணலும் சேந்து நகரணும். மேல கெடக்குத மணலோட கனம் அத நகரவிடாம அமுக்கிப் பிடிச்சுக்கிடும்."

கதவை மணலில் படுக்கவைத்து, அதன் நடுவில் நாற்காலியைப் போட்டார்கள். சுந்தரராஜ் உட்கார்ந்தார். அசைந்து பார்த்தார், ஆடிப் பார்த்தார், எழுந்து பொத்தென்று விழுந்தும் பார்த்தார். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. ஆனால் அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாசர் போச்சு, கதவு போச்சு, பெண்ணும் போச்சு என்று வியர்த்து நின்றான் ஜெபசீலன்.

அப்போது தச்சர் முப்பிடாதி கையில் உளியோடு முற்றத்துக்குள் வந்தார்.

"அண்ணாச்சி, இந்த மாப்பிள்ளை தேறிட்டாவளா? இல்ல, அடுத்து வாரவுகளுக்கு நாற்காலிக் கால இன்னுங் கொஞ்சம் கூராச் சீவணுமா?"