பத்தொன்பது வரிசை தூரம்

"நானு இருபத்திரண்டாவது வரிசை, எங்க ஊட்டம்மா நாப்பத்தொண்ணு. நடுவுல பத்தொம்போது வரிசை! இது இன்னாய்யா டிக்கெட்டு? முப்பத்திரண்டு வருசமா ஒண்ணா குடும்பம் நடத்துறவங்கள இப்புடித்தான் பிரிச்சு உக்கார வெப்பியா?"

முகப்பேரில் மருந்துக் கடைக்கு மேல் மாடியிலிருந்த அந்தச் சின்ன டிராவல் ஏஜென்சியில் இக்னேஷியஸ் மூச்சிரைக்க நின்றார். ஆவடிப் பக்கம் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து, ஒவ்வொரு திருகாணியையும் அளந்து பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அளப்பது மட்டும் ஓயவில்லை. இட்லி வேகும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பார். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்பார்.

சிகாகோவில் மகன் பாஸ்கலின் குழந்தைக்கு ஞானஸ்நானம். கணவன் மனைவி இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். "சகாயம்மா பயந்த சுபாவம், பக்கத்துல நான் இருந்தாத்தான் தைரியமா வருவா" என்று அவர் கோயிலில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பயம் என்னவோ அவருக்குத்தான். பொருட்காட்சி ராட்டினத்தில் ஒரே சுற்றில் அவர் பிடித்த பிடியில் சகாயம்மாளின் மூன்று கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. இருபது மணி நேரம் அந்தரத்தில், பிடித்துக்கொள்ள அந்தக் கை இல்லாமலா?

ஏஜென்சிக்காரர் ரகுநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், டிக்கெட்டு ஒரு கம்பெனியுது, பிளேன் வேற கம்பெனியுது. கோட்ஷேர்னு பேரு. பத்திரிகை வெச்சவரு ஒருத்தரு, பந்தி போடறவரு இன்னொருத்தரு. எந்த எலையில உக்காரணும்னு பத்திரிகை வெச்சவரப் போய்க் கேட்டா, அவருக்கு இன்னா தெரியும்?"

"அப்ப பந்தி போடறவனக் கேளு."

"கேட்டேன் சார். பத்திரிகை வெச்சவரு சொல்லாம எலைய மாத்த மாட்டேன்றான்."

மூன்று நாள் ஏறி இறங்கியதில் முப்பதாவது வரிசையில் இரண்டு சீட்டு சேர்ந்தாற்போல் கிடைத்தது. இக்னேஷியஸ் வெற்றிவீரராக வீடு திரும்பினார்.

"பக்கத்து பக்கத்து சீட்டு! நான் எறங்கிட்டா ஆவாத காரியம் ஒண்ணு கீதா?"

சகாயம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு எங்க உக்காந்தா இன்னாங்க" என்றாள்.

"பயப்படாத, நான் கீறேன்ல? அது சரி, துண்டெல்லாம் ஒரே கனமா இல்லியே, பாரு."

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அவருக்கு அதே முப்பது, அவளுக்கு ஐம்பத்திரண்டு.

"யாருய்யா மாத்தினது?"

"சிஸ்டம் சார்" என்றார் ரகுநாதன், சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி. "ஒண்ணு பண்ணலாம். அடிக்கடி பறக்கறவங்களுக்கு மெம்பர் கார்டு குடுக்கறாங்க. மெம்பருன்னா ஒரு மரியாதை. பறக்கற தூரத்துக்குப் பாயிண்ட்டும் ஏறும். நெறைய சேந்தா ஒரு டிக்கெட்டு ஓசி."

"அடிக்கடியா? நான் பஸ்ஸுலயே அடிக்கடி போனதில்லப்பா, சைக்கிள்தான்."

ஆனாலும் ஓசி என்ற சொல்லுக்கு ஓர் இழுப்பு இருந்தது. இரண்டு பாரம் நிரப்பினார். கார்டு வந்தது. கார்டு நம்பரைப் போட்டதும் சீட்டு பதினெட்டுக்கும் ஐம்பத்தேழுக்கும் போய்விட்டது. பாயிண்ட்டுக்கோ ஆளில்லை. 'எங்கள் விமானத்தில் நீங்கள் ஏறவில்லையே' என்றது டிக்கெட் விற்ற கம்பெனி. 'எங்கள் மெம்பர் நீங்கள் இல்லையே' என்றது விமானம் ஓட்டும் கம்பெனி.

அன்று இரவெல்லாம் புரண்டு படுத்து, விடியும்போது இக்னேஷியஸ் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். பாரத்தில் அவர் பெயர் இக்னேஷியஸ் ராயப்பன். அவள் பெயர் சகாயம்மாள் இக்னேஷியஸ். அவருக்கு அப்பா பெயர் வால், அவளுக்குப் புருஷன் பெயர் வால்.

"கம்ப்யூட்டருக்கு நாங்க புருசன் பொஞ்சாதின்றதே தெரியலய்யா!"

பங்குச் சாமியாரைப் பிடித்து, பழைய கல்யாண ரிஜிஸ்டரைத் தூசி தட்டி, நகல் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, இரண்டு கம்பெனிக்கும் ஃபேக்ஸ் அனுப்பினார். நாலாம் நாள் பதில் வந்தது. 'திருமண வாழ்த்துகள்! தங்கள் தேனிலவுப் பயணத்தில் எங்கள் அன்பளிப்பாக ஒரு கேக் வழங்கப்படும்.'

சீட்டு மட்டும் மாறவில்லை. பாதி கேக் பதினெட்டாவது வரிசைக்கு, பாதி ஐம்பத்தேழுக்கு.

மனிதர் துவண்டு போனார். சாப்பாட்டில் உப்பு கூடியதைக்கூட அன்று அவர் சொல்லவில்லை. சகாயம்மாள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடைசியா ஒரு வழி கீது சார்" என்றார் ரகுநாதன். "டிக்கெட்டு வகைய மாத்திட்டா பக்கத்து பக்கத்து சீட்டு போட்டு எழுத்து மூலமாவே குடுப்பாங்க. ஆனா ஒரு பாயிண்ட்டு ஏறாது."

"பாயிண்ட்டு கெடக்குது கழுத. எனக்கு என் பொஞ்சாதிதான்யா முக்கியம்." என்றார் இக்னேஷியஸ்.

ரகுநாதன் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "ஊட்ல ஒரு வார்த்த கேட்டுக்கிட்டீங்களா சார்?"

"அவளக் கேக்க இன்னா கீது? நான் கீற எடத்துலதான் அவளும்."

முப்பத்து நாலாவது வரிசை, ஜன்னல் ஒன்று, பக்கத்தில் ஒன்று. சீல் வைத்த காகிதத்தை அவர் சட்டைப்பையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சகாயம்மாள் ஊறுகாய் டப்பாவுக்கு இன்னொரு சுற்று கயிறு கட்டுவதாகச் சொல்லி, தள்ளியே நின்றுகொண்டாள். இக்னேஷியஸ் கவுண்டரில் டிக்கெட்டுகளை நீட்டினார். அங்கிருந்த பெண் தட்டிப் பார்த்து இரண்டு அட்டைகளைக் கொடுத்தாள்.

ஒன்றில் முப்பத்து நாலு. மற்றதில் அறுபத்தொன்று.

அவர் இரண்டு அட்டைகளையும் கவுண்டர்மேல் திருப்பிப் போட்டார். "இன்னாம்மா இது அநியாயம்! சீல் போட்டுக் குடுத்துக்கீறாங்கம்மா! பாயிண்ட்டுகூட வேணாம்னு உட்டுட்டு வந்தேனே! எந்தப் பாழாப்போன சிஸ்டம் இப்புடி மாத்துது?"

அந்தப் பெண் திரையில் ஏஜென்சி எழுதியிருந்த குறிப்பை ஒருமுறை பார்த்தாள். தூரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த சகாயம்மாளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சிஸ்டம் மாத்தல சார், டிக்கெட் போட்ட நாள்லேர்ந்து மேடம்தான் ஏஜென்சிக்கு போன் பண்ணியிருக்காங்க, இதோட நாலாவது தடவை: 'பாயிண்ட்டு ஒண்ணுகூட வேணாம்ப்பா, எங்க ஊட்டுக்காரர் குரல் எட்டாத வரிசையா பார்த்து எனக்கு ஒரு சீட்டு போட்டுக் குடுத்துடு'ன்னு."