திரைக்கு முன்னால் ஒரு கண்ணாடி

இந்த வீட்டில் ஒரு சாமானையாவது சகீனாவைக் கேட்காமல் வாங்கி, சகீனாவைக் கேட்காமல் மாட்டிவிடுவது என்று போன வருஷம் ரமலான் முடிந்த கையோடு தீர்மானம் செய்தேன். தீர்மானத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவள் பக்கத்து அறையில் இருந்தாள்.

என் பெயர் வாஹித் பாஷா. ஆம்பூரில் தோல் மண்டி. சகீனா என் மனைவி. வீட்டில் நாங்கள் பேசுவது உருது. விவகாரம் என்று வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். ஆகவே பெரும்பாலும் தமிழ்தான்.

என்னிடம் ஒரு பழைய மோட்டார் உண்டு. நானே ஓட்டுவேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா என்பதால் பின் ஸீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புத் திரை. என் முதுகுக்குப் பின்னாலும் திரை. அதில் சகீனாவின் முகத்துக்கு நேரே ஒரு சாண் வலைத்துணி, புர்காவில் கண்ணுக்கு முன்னால் வைத்துத் தைப்பது மாதிரி. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும். வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது.

ஹக்கீம் எனக்குச் சர்க்கரை வியாதி என்று என்றைக்குச் சொன்னாரோ, அன்றைக்கே இனிப்பு எங்கள் வீட்டை விட்டு வெளியேறியது. வீட்டில் அவள் காவல். மண்டியில் கணக்கு எழுதும் அவள் தம்பி காவல். மோட்டார் கிளம்புவதே வெள்ளிக்கிழமை வாணியம்பாடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குத்தான். ஆக, நான் நிம்மதியாக ஆர்க்காட்டு மக்கன் பேடா தின்னக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: அவளுக்கு முன்னால் இருக்கும் ஸீட். வலை வழியாக அவளுக்குத் தெரிவது என் முதுகு. முதுகுக்கு வாய் கிடையாது. தோல் பாரம் கொண்டுவரும் வண்டிக்காரன் காசி பேடாவையும் கொண்டுவந்து ஸீட்டுக்கடியில் வைத்துவிடுவான். பேடா இல்லாத வெள்ளிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் காட்பாடி அப்துல் சமத் வந்தான். என் தோஸ்த், அவனும் மோட்டார்க்காரன். ஒரு காலத்தில் ரெண்டு ஆள் கனம் இருந்தவன், பாதியாகியிருந்தான். ஷெர்வானி ஆணியில் மாட்டினது போலத் தொங்கியது. பாவம், வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாய், உங்க வண்டியிலே இல்லாதது ஒண்ணுதான். பின்னாலே வர்றதைக் காட்ற கண்ணாடி. நம்ம வண்டியிலே இருந்தது. தோஸ்துக்குன்னு கம்மியா தர்றேன்."

"நீ ஏன் கழட்டிட்டே?"

"எனக்கு அதோட வேலை முடிஞ்சிடுச்சு பாய்."

உள்ளேயிருந்து சகீனாவின் குரல் வந்தது.

"இன்னாங்க அது?"

"பின்னாலே வர்ற வண்டியைப் பார்க்கிற கண்ணாடி."

"பின்னாலே திரை இருக்குதே."

"இருந்தா?"

"திரைதானே தெரியும்?"

இதை நான் யோசிக்கவில்லை. அதற்காகத் தீர்மானத்தை விட முடியுமா?

"மோட்டார் விஷயம் உனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. வேணாங்க. எனக்குப் பிடிக்கலை."

பிடிக்கலை என்றாளே, அங்கேதான் வியாபாரம் முடிந்தது. சரி என்று சொல்லியிருந்தால் நானே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலை மாட்ட உட்கார்ந்தேன். சமத் வண்டி வேறு, என் வண்டி வேறு. திருகாணி ஓட்டையில் நிற்கவில்லை. மண்டியிலிருந்து ஆட்டுத்தோல் துண்டு கொண்டுவந்து, வெட்டிச் சொருகி, முடுக்கினேன். விரலையும் சேர்த்துக் கொஞ்சம் முடுக்கினேன். வெயில் உச்சிக்கு வரும்போது கண்ணாடி நின்றது. உட்கார்ந்து பார்த்தேன். திரை தெரிந்தது. மிகவும் தெளிவாகத் தெரிந்தது.

சகீனா பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாட்டினது மாட்டிட்டீங்க. கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்ச்சு வைங்க. இன்னும் கொஞ்சம். ஹாங், இப்போ அழகா இருக்குது."

தோற்றவளுக்கு இந்த மட்டிலாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெருந்தன்மையோடு சாய்த்தேன்.

வெள்ளிக்கிழமை போனோம், வந்தோம். இறங்கும்போது சகீனா சாதாரணமாகச் சொன்னாள்.

"ராத்திரிக்கு உங்களுக்குக் கஞ்சி."

"ஏன்?"

"வழியிலே பேடா சாப்ட்டீங்களே."

காசியைத் தனியே கூப்பிட்டு மிரட்டினேன்.

"என் மாடு மேலே சத்தியம் சாயபு. நான் ஒரு வார்த்தை சொல்லலை."

மாட்டின் மேல் அவன் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான். ஆனாலும் அவனை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் ரயிலில் வருகிற ஆள் மூலம் பேடா வரவழைத்தேன். அன்றைக்கும் கஞ்சிதான். மைத்துனனைச் சந்தேகப்பட்டேன். ஹக்கீமைச் சந்தேகப்பட்டேன். பேடாவே போய்ச் சொல்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

அதற்கடுத்த வெள்ளி. மின்னூர் தாண்டியதும் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"தாடியிலே பாகு ஒட்டியிருக்குது. தொடைச்சுக்குங்க."

பார்த்துத் துடைக்கலாம் என்று கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். தாடி தெரியவில்லை. கறுப்புத் திரையும் நடுவே வலைத்துணியும்தான் தெரிந்தன. நான் பார்த்தால் வலை. வலையிலிருந்து பார்த்தால் நான். புரிந்தபோது வாயில் பாதி பேடா இருந்தது. துப்ப மனம் வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மறுநாளே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ரயிலேறிக் காட்பாடி போனேன். சமத் என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உங்களுக்கும் கஞ்சியா பாய்?"

அவன் ஷெர்வானி தொங்கிய காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"தெரிஞ்சே என் தலையிலே கட்டினியா? தோஸ்த்னு நம்பித்தானே வாங்கினேன்?"

"நான் எங்கே பாய் கட்டினேன்? நிக்காஹ் வீட்டிலே உங்க சம்சாரமும் என் சம்சாரமும் பேசி முடிச்சு, என்னை அனுப்பினாங்க. 'கொண்டுபோய்க் காட்டச் சொல்லு, நான் வேணாம்னு சொல்றேன், உடனே வாங்கிடுவார்'னு சகீனா பாபிதான் சொல்லி அனுப்பினாங்க."