கடைமடையின் முறைப் பாசனக் கால்பந்து

எங்கள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து கேப்டன் கடைமடையைப் போல, கோல் போடுவதை வெறுத்த ஒரு கால்பந்து வீரன் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் எந்த டீமிலும் அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைமடை என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. காவிரித் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக எல்லா ஊருக்கும் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் வந்து சேர்கிற கடைசி ஊர் அவனுடையது. சில வருஷம் சேரும், சில வருஷம் சேராது. அங்கே முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். இன்றைக்கு உன் வயல் என்றால் நாளைக்கு என் வயல். கரையில் நின்று அந்த முறையைக் காவல் காப்பவர் அவனுடைய அப்பா. பாபநாசம் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளிக்கூட ஹாஸ்டலுக்கு வந்தபோது, அவன் ஒரு தகரப் பெட்டியையும் இந்த முறையையும் கொண்டுவந்தான். பெட்டி அடுத்த வருஷமே உடைந்துவிட்டது.

வந்த முதல் வாரமே கலகம். ஹாஸ்டல் சாப்பாட்டு வரிசையின் தலையிலிருந்து சாம்பார் வாளி புறப்பட்டால், கத்தரிக்காயெல்லாம் முதல் பத்துத் தட்டிலேயே தீர்ந்துவிடும். கடைசித் தட்டுக்கு வருவது மஞ்சள் தண்ணீர். கடைமடை எழுந்து வாளியைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, இன்னைக்கு அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிங்க. தலைமடையே எல்லாத்தையும் தேக்கிக்கிட்டா எப்படிண்ணே?”

பரிமாறுகிறவர் குழம்பிப்போனார். “தம்பி, நீ உக்காந்திருக்கிறதே தலைமாட்டுலதானே? உனக்குத்தான் காய் விழுதே?”

“அதாண்ணே தொண்டையில எறங்க மாட்டேங்குது.”

வார்டன் அவனை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார். ஆனால் மறுநாளிலிருந்து வாளி ஒருநாள் இந்தப் பக்கமிருந்தும் ஒருநாள் அந்தப் பக்கமிருந்தும் வந்தது.

எல்லோரையும் விட உயரமாக இருந்ததாலும், பத்தாம் வகுப்பை மூன்றாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்ததாலும் அவனைக் கேப்டனாக்கினார்கள். அன்றைக்கே சட்டம் போட்டான்: பதினொரு பேரும் பந்தைத் தொட்ட பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். முதல் மேட்சில் எதிராளியின் கோல் வாசல் வரை போய்விட்டு, எங்கள் கோல்கீப்பருக்கு இன்னும் முறை வரவில்லையே என்று பந்தைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தோம். ஏழு கோல் வாங்கினோம். அதற்கப்புறம் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினான். கோல்கீப்பருக்கு விலக்கு, ஏனென்றால் அவனுக்கு எதிராளிகளே முறை தவறாமல் அனுப்பி வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொரு பாதியிலும் ஒரு தடவையாவது பந்து போயாக வேண்டும்.

யாராவது பந்தைக் காலிலேயே வைத்து வித்தை காட்டினால் மைதானம் அதிரும்.

“ஒரே வயல்ல எவ்வளவுடா தேக்குவ? பயிரு அழுகிடும்டா!”

இந்தச் சட்டத்தால் முழு லாபமும் எனக்குத்தான். நான் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் நிற்கிறவன். மூக்குக்கண்ணாடியைக் கயிறு போட்டுப் பின்மண்டையில் கட்டிக்கொண்டு ஓடுவேன். பந்து வந்தால் மரியாதையாக விலகி வழிவிடுவேன். பதினொன்றாவது ஆள் கிடைக்காததால் சேர்க்கப்பட்டவன். எனக்கும் பந்து வரும். வந்த பந்தை நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றிக் கடைமடை ஒருநாளும் கேட்டதில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். எங்களில் யாரைக் காவல் காப்பது என்று எதிராளிகளுக்குத் தெரியவில்லை. மாயவரத்தில் நடக்கவிருந்த இறுதிப் போட்டிக்கே போய்விட்டோம்.

அந்தத் தை மாதத்தில்தான் சிக்கல் வந்தது. எங்கள் சென்டர் பார்வர்ட் ராஜு மிராசுதார் வீட்டுப் பிள்ளை. ரைட் இன் மாரிமுத்துவின் அப்பா அதே மிராசுதார் வயலில் அறுப்பு அறுப்பவர். கூலி நெல் கூட்டித் தந்தால்தான் அறுப்போம் என்று ஆட்கள் வரப்பில் சிவப்புக் கொடியை நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். போலீஸ் வேன் வந்தது. மறுநாள் எங்கள் மைதானத்தில் ராஜு மாரிக்குப் பந்து போடவில்லை.

“எங்கப்பாவை எதுத்து நிக்கிறவங்க வூட்டுப் புள்ளைக்கு நான் பந்து போடணுமா?”

“இது என்ன உங்க பண்ணையில வெளஞ்ச பந்தா?” என்றான் மாரி.

அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் புழுதியில் கட்டிப் புரண்டார்கள்.

எங்கள் தலைமையாசிரியருக்கு, ஆட்சி மாறியதிலிருந்து தமிழும் மாறியிருந்தது. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி முழங்கினார்: “கழனியில் நடக்கும் கலகம் கல்விக்கூடத்தில் கால் வைத்தால், கால்பந்து அணியைக் கலைப்பேன்!” பிறகு கடைமடையை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சாதாரணத் தமிழில் பேசினார்.

“டீமுக்காகத்தான்டா உன்ன இன்னும் வச்சிருக்கேன். அவனுங்க இன்னொரு தடவை அடிச்சுக்கிட்டா டீம் கிடையாது. நீயும் டீசியை வாங்கிக்கிட்டு ஊர் போய்ச் சேரு.”

கதவுக்கு வெளியே நின்ற என் காதில் விழுந்துவிட்டது. கடைமடை வெளியே வந்தான்.

“அவனுங்ககிட்ட சொல்லிடாதடா. பாவம் பாத்துப் பந்து போடுவானுங்க. அது முறை இல்ல.”

அவன் ஊரில் தண்ணீர்த் தகராறு வந்தால், சண்டைக்காரர்கள் இருவரையும் ஒரே மடையில் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்களாம். ஒருவன் வயல் நிறைவதை மற்றவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைமடை ராஜுவையும் மாரியையும் மூன்று நாள் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தான். வெளியே போகும் பந்தை இருவரும் சேர்ந்துதான் எடுத்துவர வேண்டும். மூன்றாம் நாள் பந்து மைதானத்தை ஒட்டி ஓடிய ஆற்றில் விழுந்தது. மாரி கரை மரத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ராஜு எட்டி எடுத்தான். அப்போதும் பேசவில்லை. ஆனால் கையை விட்டுவிடவுமில்லை.

மாயவரத்தில் எதிராளிகள் எல்லோருக்கும் பூட்ஸ். எங்களுக்குக் கால் மட்டும். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போதும் யாருக்கும் கோல் இல்லை. ராஜு பந்தோடு கோலை நெருங்கினான். எதிரே இரண்டு பேர் மறித்தார்கள். வலது பக்கம் மாரி தனியாக நின்றான். ராஜு அவனைப் பார்த்தான். தள்ளிவிட்டான் பந்தை! கோல்கீப்பர் ஏமாந்து கீழே கிடந்தான். மாரிக்கு முன்னால் திறந்த கோல், ஊதினாலே பந்து உள்ளே போய்விடும்.

அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து வந்தது எங்கள் கேப்டனின் குரல்.

“மாரி! லெஃப்ட் அவுட்டுக்கு இன்னும் வரலைடா! கடைமடை காயுது!”

இரண்டாவது பாதியில் நான் பந்தைத் தொட்டிருக்கவில்லை என்பது உண்மைதான். அதை அப்போது நினைத்துப் பார்க்க உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றும்? பழக்க தோஷம், மாரி பந்தை எனக்குத் தட்டிவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். பந்து கொடிக்கம்பத்தைத் தாண்டிக் கடலை விற்பவர் கூடையில் விழுந்தது. பந்து திரும்பி வந்ததும் எதிராளிகளின் கோல்கீப்பர் அதை வைத்து ஓங்கி அடித்தான்; அது எங்கள் பக்கம் போய், அவர்கள் ஆள் ஒருவன் காலில் பட்டுக் கோலானது. கோப்பை போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜு எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். “கண்ணாடி போட்டுக்கிட்டு எதைடா பாத்த?”

“கண்ணாடியைக் கழட்டு, ரெண்டு வைக்கலாம்” என்றான் மாரி.

“நீ அந்தப் பக்கம் புடி மாரி, தப்பிச்சு ஓடுவான்.”

பதினைந்து நாளில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் பேச்சு அதுதான். முன் சீட்டில் கடைமடை சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தலைமையாசிரியர் கடைமடையைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். “அந்த ரெண்டு பேரும் சண்டை போட்டாங்களா?”

“போட்டாங்க சார். ஆனா ரெண்டு பேரும் ஒரே பக்கம்” என்றான் கடைமடை, என்னைக் காட்டி. அவர் என் கிழிந்த காலரைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதி வைத்திருந்த டீசியை மேஜைக்குள் வைத்து மூடினார்.

கூலித் தகராறு அதற்கப்புறமும் பல அறுவடைக்கு நீடித்தது. பஸ்ஸில் தீர்ந்துபோகிற விஷயமா அது? ஆனால் அந்த வருஷம் கடைமடை எப்படியோ பாஸாகிவிட்டான்.

“என்னாலதானேடா தோத்தோம்?” என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன்.

“உனக்குப் பந்து வந்துச்சுல்ல?” என்றான். அவ்வளவுதான்.

ஆபீஸில், சங்கத்தில், எனக்கு எத்தனையோ தலைவர்கள் வாய்த்தார்கள். நிறைய பேர் ஜெயித்துக் காட்டியவர்கள். ஜெயிக்கப் போகிற நேரத்திலும் ஓரத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.