வாய்வழி ஈரல் தானம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டுமே முழு வளர்ச்சி அடையும் ஓர் இனம் உண்டு: வாய்வழி தானக்காரர். கேட்டால் மட்டுமல்ல, கேட்காவிட்டாலும் கொடுப்பார். எங்கள் பக்கத்து நாற்காலிக்காரரைச் சொல்கிறேன். அந்த வராந்தாவில் எங்களுக்குச் சிரிக்கக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய தங்கை மகளுக்கு நாலு வயது. கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. மருந்தில் சுருங்கினால் வெட்டி எடுத்துவிடலாம், சுருங்காவிட்டால் உறவினர் ஒருவரின் ஈரலில் ஒரு துண்டு வேண்டும் என்றார் சர்ஜன். அவர் முடிப்பதற்குள் மாமா எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"என் மருமகளுக்கு இல்லாத ஈரலா டாக்டர்? முழுசா எடுத்துக்கோங்க!"

"முழுசா எடுத்தா நீங்க இருக்க மாட்டீங்க சார். துண்டு போதும். முதல்ல ரத்தம் பாக்கணும்."

"ரத்தமா? இன்னிக்கு லேசா சளி..."

அன்றிலிருந்து அவர் கொடுத்து முடித்தவராகவே வாழ்ந்தார். மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் படுத்தார், காபியை ஒதுக்கினார், "குழந்தைக்குப் போகப்போற ஈரல்மா, சுத்தமா இருக்கணும்" என்று பழச்சாறு கேட்டார், காலையிலிருந்து பட்டினி கிடந்த தங்கையே அதை வாங்கி வந்தாள், பார்க்க வந்தவர்களெல்லாம் குழந்தையை விட்டுவிட்டு இவரிடம் உருக்கமாக நலம் விசாரித்தார்கள். ரத்தம் எடுக்க நர்ஸ் வரும்போது மட்டும் போனில் இருப்பார். சளி வாரக்கணக்கில் நீடித்தது. அப்படியொரு சளியை மருத்துவம் கண்டதில்லை.

"அண்ணா, நாளைக்காவது குடுத்துடேன்" என்று கெஞ்சினாள் தங்கை.

"ஈரலையே குடுக்கறவன், ரத்தம் குடுக்க மாட்டேனா?"

கட்டி சுருங்கிவிட்டது. ஈரலின் வலப்பாதியோடு அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் தானே வளர்ந்துகொள்ளுமாம். யாருடைய துண்டும் தேவைப்படவில்லை. தங்கை சுவரில் முகத்தைப் புதைத்து அழுதாள். மாமாவின் முகத்தில் மட்டும், பேச எழுந்தவரின் மைக்கை அணைத்துவிட்டது போன்ற வாட்டம். அதுவும் ஒரு பழச்சாறு நேரம்தான். பிறகு வயிற்றைப் பிடித்தபடி, சுவரைத் தாங்கி நடக்க ஆரம்பித்தார்.

"மனசால குடுத்துட்டேன்ல. குடுக்கலைன்னு உடம்புக்கு எப்படித் தெரியும்?"

கண் விழித்த குழந்தை அவரையே பார்த்தாள்.

"ஏன் மாமா அங்க புடிச்சிருக்க?"

"ஈரல் வலிக்குதுடா தங்கம்."

அவள் தன் வயிற்றுக் கட்டின் மேல் மெல்ல விரலை வைத்துக் காட்டினாள். "ஈரல் இந்தப் பக்கம் மாமா."

மாமா கையை வலப்பக்கம் மாற்றிக்கொண்டு முனகலைத் தொடர்ந்தார்.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். இதைப் படிக்கையில் உங்கள் கையும் மெல்ல வயிற்றைத் தடவியதே, எந்தப் பக்கம் என்று பார்க்கத்தானே? பரவாயில்லை, அந்தக் கையை அப்படியே நீட்டுங்கள். நர்ஸ் வருகிறார்.