எழுபத்தொரு வீதத் தெளிவு

கூரையில் ஏறி டிஷ் திருப்புகிறவரிடம், "நீங்கள் ஏற முதலே படம் நன்றாகத்தான் இருந்தது" என்று கீழே நிற்பவர் எவரும் சொல்லக் கூடாது. கிண்ணியாவில் எங்கள் ஒழுங்கையின், அதாவது எங்கள் சிறு தெருவின், நாகரிகம் முழுவதும் இந்த ஒற்றை விதியின் மேல்தான் நிற்கிறது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை. யாரும் யாருக்கும் கற்பிக்கவுமில்லை. மதில் தகராறில் பதினொரு வருடம் முகம் பார்க்காத இரு குடும்பங்கள்கூட, ஒரு வீட்டார் கூரையில் ஏறினால் மறு வீட்டார் மதிலுக்கு அப்பாலிருந்து, படத்தைப் பார்க்காமலேயே, "ஓம், ஓம், கொஞ்சம் பறவாயில்ல!" என்று குரல் கொடுத்திருக்கின்றன.

நவீன இலக்கிய விமர்சனத்தில் முதுகலைப் பட்டத்துக்காக ஆய்வு செய்துவரும் நான், வாசிப்பு குறித்து இதுவரை இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒரு பக்கமேனும் இவ்விதியின் ஆழத்தை எட்டவில்லை என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். கூரையில் நிற்பவர் படைக்கிறார். ஆனால் தம் படைப்பை அவரால் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர் பார்க்கிறார். ஆனால் அவரால் எதையும் திருப்ப முடியாது. இருவருக்கும் நடுவே, சமையற் குசினி வாசலில் ஒருவன் நின்று, உள்ளிருந்து வரும் சொல்லைக் கூரைக்குத் தகுந்த மொழியில் எடுத்துரைக்கிறான். அவனே விமர்சகன். எங்கள் ஒழுங்கையில் அப்பதவியை நான்கு வருடமாக, எவ்வித வேதனமுமின்றி, நான் வகித்து வருகிறேன்.

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டு அக்கா, சுஹைரா ராத்தா, புவியியல் ஆசிரியை. மூன்று வாரத்துக்கு முன் கொழும்புக்குப் போய், ஒரு தொலைக்காட்சியின் பொது அறிவுப் போட்டியில் பங்குபற்றித் திரும்பியிருந்தார். ஒளிபரப்பாகும் வரை முடிவை எவருக்கும் சொல்வதில்லை என்று ஒப்பமிட்டுக் கொடுத்திருந்ததால், இருபத்தொரு நாளும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு ஒழுங்கை தானாகவே உரை எழுதிவிட்டது: தோற்றுவிட்டார். மாமியார் ஆமினா உம்மா ஒரு கல்யாண வீட்டில், மருமகளின் காதுபடவே, அவ்வுரையை வெளியிட்டும் வைத்தார்.

"வெண்டிருந்தா வாய் சும்மா இரிக்குமா? கொழும்பு மட்டுக்கும் போய் முழிச்சிப்போட்டு வந்திரிக்கா."

நிகழ்ச்சி மாலை நான்கரைக்கு. மறு ஒளிபரப்புக் கிடையாது. இணையத்தில் ஏற்றுவதில்லை என்பது அந்த நிலையத்தின் 'கொள்கை'. எனவே ராத்தா, ரிசீவரோடு இணைத்திருந்த றெக்கோடரை நான்கரைக்குத் தானாகவே பதியத் தொடங்கும்படி காலையிலேயே அமைத்துவிட்டார். பதிவு, டோஹாவில் வேலை செய்யும் கணவர் றிப்திக்கு. நேரடிக் காட்சி, ஆமினா உம்மாவுக்கு. இரண்டரை மணிக்கு நான் போனபோது படம் கண்ணாடியாய் இருந்தது. செய்தி வாசித்த பெண்ணின் தோட்டில் எத்தனை கல் என்று எண்ணலாம்.

இந்த அபாயகரமான கட்டத்தில்தான் ராத்தாவின் மாமனார் தாஹிர், மனைவி ஆமினா உம்மாவுடன் வந்து சேர்ந்தார்.

தாஹிர் மாமா திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் பாரந்தூக்கிக்குக் கைச்சைகை காட்டியவர். அவர் கை இடப்பக்கம் அசைந்தால் பன்னிரண்டு தொன் சீமெந்து இடப்பக்கம் போகும். அவருக்குச் சைகை காட்டும் துணிவு கப்பல் கப்டன்களுக்கும் இருந்ததில்லை. ஓய்வுபெற்ற பின் அக்கையைக் கவிதைக்குத் திருப்பினார். 'பாரந்தூக்கியும் பௌர்ணமியும்' என்ற அவரது தொகுப்பு அடுத்த மாதம் வெளிவருகிறது. முன்னுரை அடியேன். "இத்தொகுப்பில் இனிச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்றும், "இக்கவிதைகள் வாசகரின் அமைதியை ஓரிடத்திலேனும் குலைக்கவில்லை" என்றும் எழுதியிருந்தேன். வாசித்த மாமா என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். அச்சுப் பிழை பார்த்துத் தந்த சுஹைரா ராத்தா அழவில்லை. என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

மாமா ரிசீவர் பொக்ஸை நாடி பிடிப்பதுபோல் தொட்டுப் பார்த்தார்.

"பழைய வேர்ஷன். இண்டைக்கு இது காணாது. அப்டேட் பண்ணுவம்."

"இப்ப வேணாம் மாமா. நாலரைக்குப் பிறகு செய்வமே," என்றார் ராத்தா.

"பிறகு செஞ்சி ஆருக்கு? நாலரைக்குத்தானே புள்ள நீங்க வாறீங்க!"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக உலகில் எந்தக் கோட்பாடும் இல்லை. மாமா றிமோட்டை அழுத்தினார். 'மேம்படுத்தல் நடைபெறுகிறது. மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டாம்' என்று திரை கட்டளையிட்டது. முப்பத்தெட்டு நிமிடம் நாங்கள் நால்வரும் ஒரு நீலக்கோடு நூறு வீதத்தை நோக்கி வளர்வதை மரியாதையுடன் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தொன்பது வீதத்தில் ஆமினா உம்மா பிளேன்ரீ கேட்டார். நாற்பத்திரண்டு வீதத்தில் குடித்து முடித்தார்.

மேம்படுத்தல் மகத்தான வெற்றி. பதினான்காம் இலக்கத்தில் இருந்த அலைவரிசை நானூற்றாறுக்குக் குடிபெயர்ந்திருந்ததைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்தே நிமிடந்தான் சென்றது. படம் முன்பு இருந்தபடியே, ஒரு புள்ளி கூடாமல் குறையாமல், கண்ணாடியாய் இருந்தது. ஆனால் புதிய வேர்ஷன் வெறுங்கையுடன் வரவில்லை. திரையின் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்திருந்தது: 'சமிக்ஞைத் தரம் 71%.'

"எழுவத்தொண்டா?" மாமாவின் முகம் கறுத்தது. "முப்பத்தொரு வருசத்தில என்ட கையால ஒரு மூட்ட கீழ விழல்ல. என்ட வீட்டில எழுவத்தொண்டா?"

வீடு ராத்தாவின் சீதன வீடு. ஆயினும் அவமானத்துக்கு வீட்டு உறுதிப்பத்திரம் தேவையில்லை. அதுவரை நாங்கள் அறியாமையில் மகிழ்ந்திருந்தோம். குறைந்துபோன இருபத்தொன்பது வீதத்தை அறிந்தபின் அந்தக் கண்ணாடிப் படத்தை நிம்மதியாகப் பார்ப்பது எப்படி? மாமா சாரனை மடித்துக் கட்டினார். நான் ஏணியைப் பிடித்தேன். குளியலறையின் கொங்கிறீட் கூரையில் அவர் கால் பதித்தபோது மூன்று மணி முப்பத்தைந்து. எங்கள் விதி அமுலுக்கு வந்தது.

தென்மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று மாமாவின் சாரனைக் கொடியாக்கியது. உப்புக் காற்றில் துருப்பிடித்த டிஷ் கம்பத்தில் முறுகியபடி திரும்பிற்று.

"அறுவத்திநாலு!" என்றார் உள்ளேயிருந்து ராத்தா.

"அறுவதுக்கு மேல நிக்கிது, மாமா!" என்றேன் நான் கூரையைப் பார்த்து.

"ஆ! இன்னும் கொஞ்சம் திருப்புறன்!"

"நாப்பது! படம் கட்டம் கட்டமா உடையிது!"

"படத்தில ஒரு புது அசைவு தெரியிது, மாமா!"

"பறவாயில்ல தாஹிர் காக்கா!" என்று, அண்ணனை அழைக்கும் உரிமையோடு, மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் வீட்டில் தொலைக்காட்சியே இல்லை.

"பன்ரெண்டு!" ராத்தாவின் குரல் உயர்ந்தது. "றிஸ்கான் தம்பி, பன்ரெண்டு எண்டு சொல்லுங்க அவருக்கு!"

"இன்னமும் ரெட்டை இலக்கத்தில இரிக்கி, மாமா!"

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய் சொல்பவன் விமர்சகனாக முடியாது. இது என் ஆய்வின் மூன்றாம் இயல்.

நான்கு மணி பத்துக்கு ராத்தா, டிஷ்ஷைக் கம்பத்தில் பூட்டித் தந்த றெக்சனுக்குப் போன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். திருகோணமலை டவுனைச் சேர்ந்த றெக்சன் அன்று வெருகலில் ஒரு வேலையில் நின்றார்.

"படம் வந்ததுதானே ரீச்சர்? பிறகேன் தொட்டனீங்கள்?"

"மாமா ஏறிட்டார், றெக்சன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "கம்பத்தில வெள்ளைப் பெயின்ற்றால ஒரு கோடு போட்டனான். டிஷ்ஷைப் பழையபடி அந்தக் கோட்டுக்கு நேரே விடச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

"கேட்டதுதானே?" ராத்தா என்னைப் பார்த்தார். "போய்ச் சொல்லுங்க."

நான் முற்றத்துக்கு விரைந்தேன். முப்பத்தைந்து நிமிடமாக வெயிலில் நின்று படைக்கும் ஒருவரிடம், 'தொடங்கிய இடத்துக்கே திரும்பு' என்று எப்படிச் சொல்வது?

"மாமா! மரபையும் கொஞ்சம் கவனத்தில எடுக்கட்டாம் எண்டு றெக்சன் சொல்றார்!"

"மரபா?" மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "நான் மரப ஒடைச்சவன், மகன்!"

டிஷ் மேலும் ஒரு சாண் திரும்பியது. உள்ளே ஏதோ விழுந்த சத்தம்; றிமோட்டாக இருக்கலாம்.

"பூச்சியம்!" என்றார் ராத்தா. குரலில் அழுகை இருந்தது. "சமிக்ஞை இல்லயாம்! நாலே இருவத்தஞ்சாகுது!"

நான் சற்று யோசித்தேன். பிறகு கைகளைக் குவித்து, மன நிறைவோடு அறிவித்தேன்:

"இனிக் குறையாது, மாமா!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றது கூரை.

சரியாக நான்கரைக்கு, றெக்கோடரின் சிவப்பு விளக்கு தன் கடமை மறவாது எரிந்தது. 'சமிக்ஞை இல்லை' என்ற வாசகத்தை அது மிகுந்த தெளிவுடன் பதிவு செய்யத் தொடங்கியது. டோஹாவில் றிப்தி அதைப் பார்த்து மகிழ்வார். ஆமினா உம்மா கதிரையிலிருந்து மெதுவாக எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார்.

"சரி விடுங்க புள்ள. பாக்காட்டியும் என்ன, நடந்தது நமக்குத் தெரிஞ்சதுதானே."

சுஹைரா ராத்தா என்னைத் தாண்டி, குசினி வாசலைத் தாண்டி, முற்றத்தின் நடுவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. "ராத்தா, வேணாம்," என்றேன்.

"மாமா! நீங்க ஏற முதலே படம் நல்லா இரிந்திச்சு!"

ஒழுங்கை உறைந்தது. தெருவில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. மதிலுக்கு அப்பால் குரல் கொடுத்தவர் குனிந்துகொண்டார்.

"எழுவத்தொண்டிலயும் நல்லாத்தான் இரிந்திச்சு! நீங்க தொட்டதில இருந்து கொறஞ்சி கொறஞ்சி, இப்ப ஒண்டுமே இல்ல. கம்பத்தில வெள்ளக் கோடு இரிக்கி. அதுக்கு நேர விடுங்க!"

மாமா பாரந்தூக்கியைப்போல் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, கம்பத்தில் படிந்திருந்த காக்கை எச்சத்தைச் சாரன் நுனியால் துடைத்தார். கோடு தெரிந்தது. முப்பத்தொரு வருடம் ஒரு மூட்டையும் விழவிடாத அந்தக் கை டிஷ்ஷை ஒரே இழுவையில் கோட்டுக்குக் கொண்டுவந்து விட்டது. எட்டு வினாடி. திறமை அவரிடம் எப்போதும் இருந்தது, தகவல்தான் இருக்கவில்லை.

உள்ளே இசை முழங்கியது. எழுபத்தொரு வீதத் தெளிவில், நீல அபாயாவும் வெள்ளைக் கழுத்துப் பட்டியுமாய், சுஹைரா ராத்தா திரையில் நின்றார். நெறியாளர் கேள்வியை முடிக்க முதலே விடையைச் சொன்னார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. புள்ளிப் பலகையில் அவர் பெயர் ஏறி முதலாம் வரியில் நின்றது. எங்கும் முழிக்கவில்லை. ஆமினா உம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"சத்தத்தக் கூட்டுங்க புள்ள," என்றார், திரையை விட்டுக் கண் எடுக்காமல்.

கூரையிலிருந்து குரல் வந்தது.

"படம் வந்திச்சா?"

நான் கைகளைக் குவித்தேன்.

"நீங்க சொல்லாதீங்க, மகன். மருமகள் சொல்லட்டும்."

"வந்திச்சு மாமா! நல்லா இரிக்கி!" என்றார் ராத்தா உள்ளேயிருந்து.

மாமா ஏணியின் முதற்படியில் கால் வைத்தார். வைத்தவர் இறங்கவில்லை. காற்றில் சாரன் படபடக்க, என்னை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப புள்ள... என்ட புத்தகத்துக்கு இவர் எழுதித் தந்த முன்னுர?"

நான் தொண்டையைச் செருமினேன். பொருத்தமான ஒரு சொற்றொடர் கிட்டத்தட்ட அமைந்தும் விட்டது. ஆனால் ராத்தா முந்திக்கொண்டார்.

"அதுவும் கூரைக்குச் சொன்னதுதான், மாமா!"