அஸர் தேத்தண்ணியும் ஹாஷிம் சேரின் டேக்கும்

அலவத்துகொட
புதன்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் முனாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாவலப்பிட்டியில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை சித்தி றலியா மிக்க சுகம். என்னுடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோல் எடுத்துச் சொல்லலாம்தான், ஆனால் நான் போனைக் காதில் வைத்தால் அவ எந்த அறையில் இருந்தாலும் வந்து பக்கத்தில் நிற்பா.

விஷயம் என்னவென்றால், பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்தில் பெண்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் ஒன்று தொடங்கியிருக்கிறது. படிப்பிக்கிறவர் ஹாஷிம் என்கிற ஒரு பொடியன். பல்லேகலப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சேர்ட், மெல்லமாகத்தான் பேச்சு. தங்கள் தங்கை அதில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் சோறு கறியைவிட ஹாஷிம் சேர்தான் அதிகம். ஹாஷிம் சேர் இப்படிச் சொன்னார், ஹாஷிம் சேர் அப்படிச் சிரிச்சார். கண்டியில் துணிக்கடை நடத்தி வயசு போன எனக்கு ஒரு நாளாவது "ஜவாஹிர் சேர்" எண்டு அவ வாயால வந்திருக்கா? "இஞ்ச பாருங்க" எண்டதோட சரி.

இப்ப அந்தாள் ஒரு சொல்லப் புடிச்சிக்கொண்டு விடுறாரில்ல. டேக். எடுக்கிற எண்டு அர்த்தமாம். பஸ்ஸையும் டேக் பண்ணலாமாம். பஸ்ஸ எடுத்து எங்க வெக்கிற மச்சான்? குளிக்கிறதும் டேக், படுக்கிறதும் டேக், மருந்து குடிக்கிறதும் டேக். பிளேன் கிளம்பினா டேக் ஓஃபாம், சப்பாத்தக் கழட்டினாலும் டேக் ஓஃபாம். அப்ப பிளேன் சப்பாத்தக் கழட்டிட்டா பறக்குது எண்டு கேட்டேன். "ஹாஷிம் சேரிட்ட இதக் கேட்டா கோவப்படாம விளக்குவார்" எண்டு சொல்லிட்டுப் போய்ட்டா. பசிக்குது எண்டு கூப்பிட்டா "டேக் யுவர் டைம்". என்ட நேரத்த நானே எடுத்து என்ன செய்ய? அவ சோத்த எடுத்துப் போடணும்!

எங்களுக்கு மட்டும் சொல்லுக்கா பஞ்சம்? ராவெல்லாம் யோசிச்சு வெச்சிருந்து காலையில சொன்னேன். பசியும் எடுக்கும், வாந்தியும் எடுக்கும். மகனுக்குப் பொண்ணும் எடுக்கிறோம், தலையில பேனும் எடுக்கிறோம். பாம்பும் படம் எடுக்குது, கல்யாண வீட்டுல கெமராக்காரனும் படம் எடுக்குறான். இதுக்கெல்லாம் ஒத்தச் சொல்லு தானே எண்டேன். அவ கறிவேப்பில உருவிக்கொண்டே, "அது வீட்டுப் பேச்சு தானே, அதுக்கும் ஒரு கிளாஸா?" எண்டா. ராவெல்லாம் முழிச்சிருந்தது வீணாப் போச்சு.

நேத்து மண்டபத்து ஜன்னலடிக்குப் போனேன். வேவு பார்க்க இல்ல, அவவுக்குக் குட கொண்டு போனேன். மழை இல்லாதது என்ட குத்தமா? உள்ள பக்கத்து வீட்டு பஸ்லினா என்னக் கண்டு, "றலியா ராத்தா, உங்கட ஆள் வந்து நிக்கிறார்" எண்டு கத்த, கிளாஸே கொல்லெண்டு சிரிச்சிச்சு. அந்த ஹாஷிம் மெல்ல வந்து, "டேக் எ சீட், அங்கிள்" எண்டார். அங்கிளாம்! அந்தச் சிரிப்புலயும் உங்கட தங்கச்சிட சிரிப்புத்தான் எனக்குத் தனியாக் கேட்டிச்சு.

பொறாமை எண்டு நெனச்சிராதீங்க மச்சான். எதுக்கு மறைக்க, பொறாமைதான். பின்னேரம் அஸர் தொழுதிட்டு வந்தா நாங்க ரெண்டு பேரும் வாசல்ல கதிரையப் போட்டு பால் ஊத்தாத பிளேன்டீ குடிப்போம். கித்துள் கருப்பட்டிய அவதான் உலக்கையால தட்டி உடைப்பா, கடிச்சுக் கடிச்சுக் குடிப்போம், ஊர்க்கதை எல்லாம் அப்பத்தான் வரும். இப்ப அந்த நேரத்துக்குக் கிளாஸ். தேத்தண்ணி பிளாஸ்க்ல. கருப்பட்டி உடைக்காம முழுசா பீங்கான்ல. ஒரு கதிரை சும்மா கிடக்குது. அதப் பாத்துக்கொண்டு நான் தனியக் குடிக்கிறேன்.

ஆகவே தாங்கள் அவவின் அண்ணன், மூத்த நானா என்ற முறையில் வெள்ளிக்கிழமை வந்து, படிச்சது போதும் என்று தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மதினிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் நம் எல்லோர் வீட்டுத் தேத்தண்ணியிலும் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
ஜவாஹிர்

பின்குறிப்பு: இத ஒட்டி தபாலுக்குக் கொண்டுபோக முந்தி இண்டைக்கு ஒரு கல்யாண வலீமா விருந்துக்குப் போக வேண்டியதாப் போச்சு. ஆறு பேர் ஒண்டாச் சாப்பிடுற சஹன்ல உக்காந்து நிமிர்ந்து பாத்தா, எனக்குப் பக்கத்துல ஹாஷிம்! எழும்பேலாது, ஒரே சஹன்ல கை வெச்சவனோட மூஞ்சத் திருப்பிக்கொண்டும் இருக்கேலாது. அந்தாள் பெரிய கோழித் துண்டா என்ட பக்கம் தள்ளி வெச்சிட்டுச் சொல்றார்: "அங்கிள், டேக் வெச்சு வசனம் எழுதச் சொன்னா எல்லாரும் பஸ்ஸப் பத்தி, மருந்தப் பத்தி எழுதுறாங்க. உங்கட வீட்டாள் எந்த வசனத்தையும் புருஷன வெச்சு 'என்ட மாப்பிள' எண்டுதான் தொடங்குறாங்க. என்ட மாப்பிள, நான் சுகமில்லாமக் கிடந்தா, என்னப் பாத்துக்கொள்வார். என்ட மாப்பிள என்னக் கேக்காம ஒரு முடிவும் எடுக்கமாட்டார். என்ட மாப்பிளயோட தேத்தண்ணி குடிக்காட்டி எனக்குப் பொழுதே போகாது. பாத்துக்கொள்றது டேக் கேர், முடிவு எடுக்கிறதும் டேக், தேத்தண்ணி குடிக்கிறதும் டேக், எல்லாம் சரி." அரைச் சோத்தோட கை கழுவிட்டேன் மச்சான்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். வலீமா எண்டு இண்டைக்குக் கிளாஸ் இல்ல. அவ வாசல்ல கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தா. அந்த வசனமெல்லாம் உண்மையா எண்டு கேட்டேன். தலை நிமிராம, "சேர் வசனம் சரியா எண்டுதான் பாப்பார், உண்மையா எண்டு பாக்கமாட்டார்" எண்டா.

நீங்க வெள்ளிக்கிழமை வர வேணாம். அவ படிக்கட்டும். கடைசியாச் சொன்ன தேத்தண்ணி வசனம் மட்டும் உண்மை எண்டுதான் நான் நெனக்கிறேன். அவ உடைச்ச கருப்பட்டில பெரிய துண்டு என்ட பீங்கானுக்குத்தான் வந்திச்சு.