திரைக்குப் பின்னால் ஆறு முடிச்சு

நீலக்கையார் வருகிறார் என்றதும் அந்தத் தையற்கடை ஆள் கொள்ளவில்லை. துணி தைக்க இத்தனை பேர் வந்திருந்தால் தையற்காரி என்றைக்கோ மாடி கட்டியிருப்பாள். வந்தவர்களோ அவள் மார்புக் கட்டியின் விஷம் இறங்குவதைப் பார்க்க வந்தவர்கள்.

நீலக்கையாரின் மகிமை அப்படி. அக்குளில் ஈரத்துணியை ஒற்றுவார், வெள்ளைத்துணி நீலமாகும். அது புற்றுநோயின் விஷமாம்! பெண்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். திரைக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே விடுவார். அவ்வளவு ஒழுக்கம். கத்தி பட்டால் மட்டும் விஷம் கோபித்துக்கொண்டு உடம்பெல்லாம் ஓடிவிடுமாம்.

மறுநாள் அவளுக்கு ஆபரேஷன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். "கட்டிக்குப் பக்கத்துல நீலச் சாயம் போடுவோம்மா. அது அக்குள்ல எந்த நிணநீர் முடிச்சுக்கு முதல்ல போய்ச் சேருதோ, புற்று பரவினாலும் அங்கதான் முதல்ல போகும். அந்த ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். சுத்தமா இருந்தா மத்ததைத் தொடவேண்டாம். கை வீங்குற பயமும் குறையும்."

கை என்றதும் தையற்காரிக்குப் பகீரென்றது. அந்தக் கைதானே அவளுக்குச் சோறு போடுகிறது! அவள் தயங்கியதைப் பார்த்து நாத்தனார் நீலக்கையாரை அழைத்துவந்துவிட்டாள். எல்லாம் பாசத்தில்தான்.

"பாருங்க அண்ணி, அவங்களும் நீலம், இவரும் நீலம். அவங்க உள்ள ஏத்துறாங்க, இவரு வெளிய எடுக்கிறாரு. எது நல்லது?"

இந்தக் கேள்விக்குக் கூட்டமே தலையாட்டியது.

பொத்தான் தைக்கும் அக்கா மட்டும் ஆட்டவில்லை. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து, தையற்காரியைக் கனத்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவிடாதவள் அவள்.

"அளவு பார்க்கிற அறைக்குள்ள வாடி," என்று காதோடு சொன்னாள். "வாயைத் திறக்காம என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு."

உள்ளே தையல் பொம்மை நின்றது. அக்கா அதற்கு ஒரு ரவிக்கையை மாட்டி, ரவிக்கையின் கைக்குள் வெட்டுத்துணியை அடைத்தாள்.

அறை வாசலில் தொங்கிய திரைக்குள் ஒரு கை வந்தது.

"மூச்சை நல்லா இழுத்து விடும்மா!" என்றார் நீலக்கையார்.

பொம்மை அடக்கமாக இருந்தது. துணி நீலமானது.

"ஆறு முடிச்சு! உடம்பு ஜில்லுனு கிடக்கு! விஷம் தலைக்கு ஏறிடுச்சு!"

அக்கா திரையைச் சரக்கென்று விலக்கினாள். "எங்கே சாமி, அந்தத் தலையைக் கொஞ்சம் காட்டுங்க."

கழுத்தோடு நின்ற பொம்மையைக் கூட்டம் பார்த்தது. எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. அக்கா செம்புத் தண்ணீரை அவர் விரல்களில் ஊற்றினாள். நகக்கண்ணில் அப்பியிருந்த சாயப்பொடி கரைந்து நீலமாக ஒழுகியது. ஐயாவுக்குத் திடீரென்று வேறொரு அவசர நோயாளி நினைவுக்கு வந்தார்.

நாத்தனார் தேம்பினாள். தையற்காரி திட்டவில்லை. "அழாதே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீதான் பையைத் தூக்கிட்டு வரணும்."

ஆபரேஷன் முடிந்து தையற்காரியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனபோது நாத்தனார் அலறினாள். "அண்ணி, ஒண்ணுக்கு நீலமா போகுது!"

"நர்ஸம்மா முன்னாடியே சொன்னாங்க. சாயம் தானா போகுது. யாரும் ஒத்தி எடுக்க வேணாம்."

எடுத்த முடிச்சில் புற்று இல்லை. மற்றவற்றை டாக்டரம்மா தொடவில்லை. புண் ஆறியதும் அந்தக் கை மறுபடி தையல் மிஷினுக்கு வந்தது. முதல் வேலையாக, பொம்மையின் ரவிக்கையில் இருந்த நீலக்கறையைத் தேய்த்துத் துவைத்தது.

பொம்மையை மன்னித்துவிடலாம், அதற்குத் தலை கிடையாது. நமக்குக் கடவுள் ஒன்று கொடுத்திருக்கிறார். கும்பிடும்போது குனிவதற்கு மட்டுமா கொடுத்தார்?